எகிப்தில் ஓடிய டர்பன் பஸ்: போலித் தரவை வைத்து டிராக்கிங் சர்வரைச் சோதித்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பஸ் கம்பெனி நடத்தும் ஒரு அண்ணனுக்கு, எந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று மேப்பில் காட்டும் டிராக்கிங் சர்வர் போட்டுக் கொடுத்தேன். முப்பது வண்டி; பெரிய பஸ் பாதி, மினிபஸ் பாதி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட்டிலிருந்து டவுனுக்கு ஓட்டம், நடுவில் பள்ளிக்கூட ஒப்பந்தம். பெரிய வெள்ளிக்கு இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்காக எல்லா வண்டியும் வாடகைக்குப் போய்விடும். வேலையை ஒப்படைக்கும்போது அவர் ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, முப்பது மெஷினுக்குக் காசு கட்டிட்டு அப்புறம் மேப்ல ஒண்ணும் தெரியலேன்னு நிக்கக் கூடாது. முதல்ல காட்டு, அப்புறம் வாங்கலாம்."

நியாயம்தான். மெஷின் என்று அவர் சொன்னது வண்டியில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவியை. அந்தக் கருவியே இல்லாமல் சர்வரைச் சோதிக்க ஒரே வழி, கருவி போலப் பேசும் ஒரு நிரலை எழுதுவது. அது இப்போது நன்றாக ஓடுகிறது. நடுவில் எங்கெல்லாம் சுற்றி வந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உட்கார்ந்து இதைச் செய்கிறவர்களுக்கு வலையில் கிடைக்கும் உதாரணங்கள் அப்படியே பொருந்தாது.

வைத்திருந்த சாமான் அதிகமில்லை. உபுண்டு போட்ட பழைய லேப்டாப், 8 ஜிபி ராம். சர்வருக்கு ட்ராக்கார், திறமூல மென்பொருள், இலவசம், கருவிகள் சர்வரோடு பேசும் முறைகளில், அதாவது 'மொழி'களில், இருநூறுக்கும் மேற்பட்டவை அதற்குத் தெரியும். ஒவ்வொரு மொழிக்கும் தனிப் போர்ட், அதாவது சர்வருக்குள் நுழைய எண்ணிட்ட ஒரு வாசல்; மேப் திரையைப் பார்க்க 8082. போலிக் கருவிக்குப் பைத்தான் மட்டும். அதோடு வரும் சாக்கெட், ஸ்ட்ரக்ட், அசிங்க்ஐஓ என்ற தொகுதிகள் போதும். வேறு எதையும் நிறுவவில்லை.

முதலில் இருப்பதிலேயே சுலபமான வழியில் இறங்கினேன். 5055 போர்ட்டில் ஆஸ்மண்ட் என்ற மொழி இருக்கிறது. அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், வேகம் எல்லாவற்றையும் ஒரே வலை முகவரியில் கோத்து அனுப்பினால் போதும். பிரவுசரிலேயே தட்டிப் பார்க்கலாம். வார்விக் பஸ் ஸ்டாண்டில் ஒரு புள்ளி உடனே விழுந்தது. அதை நகர வைக்க, சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹிக்கின்சன் ஹைவே வழியாக டவுன் வரும் பாதையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் வரைந்து, புள்ளிகளாக எடுத்து, நொடிக்கு ஒன்றாக அனுப்பினேன்.

வேகம் 80 என்று அனுப்பினேன். திரையில் 148. நம் ஊர் சட்டப்படி பயணிகளை ஏற்றும் பஸ்ஸுக்கும் மினிபஸ்ஸுக்கும் மணிக்கு 100 கி.மீ. தான் உச்சம், அதனால் அலர்ட்டை அங்கே வைத்திருந்தேன். டெலிகிராமில் எச்சரிக்கை மழை. காரணம் சாதாரணம்: ட்ராக்கார் வேகத்தை உள்ளே மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கில், அதாவது 'நாட்' என்ற அலகில் வைத்துக்கொள்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. ஆஸ்மண்ட் வழியில் வரும் எண்ணையும் நாட் என்றே எடுத்துக்கொள்ளும். 80-ஐ 1.852-ஆல் வகுத்து 43.2 என்று அனுப்பியதும் சரியாகிவிட்டது. ஆனால் இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் வரும் ஜிடி06 கருவி கிலோமீட்டரிலேயே சொல்கிறது. சர்வர் தானே மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அலகு.

வேகம் சரியான பிறகும் நாள் அறிக்கையில் தூரம் கன்னாபின்னாவென்று வந்தது. பாதையை 0.001 டிகிரி அடியாக நறுக்கியிருந்தேன். ஒரு டிகிரி அட்சம் சுமார் 111 கி.மீ., ஆகவே 0.001 என்பது 111 மீட்டர். நொடிக்கு ஒரு அடி என்றால் மணிக்கு 400 கி.மீ.! வேகம் என்று நான் எழுதி அனுப்பும் எண் 80, புள்ளிகள் நகர்வது விமான வேகத்தில். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: டர்பன் 30 டிகிரி தெற்கில் இருப்பதால் கிழக்கு மேற்கில் ஒரு டிகிரி 96 கி.மீ. சொச்சம்தான். டிகிரியை வைத்து அடி போட்டால் வடக்கே போகும் பஸ்ஸும் கிழக்கே போகும் பஸ்ஸும் வேறு வேறு வேகத்தில் ஓடும். டிகிரியை விட்டுவிட்டு மீட்டரில் கணக்குப் போட்டேன். மணிக்கு 80 என்றால் நொடிக்கு 22.2 மீட்டர், அந்தத் தூரத்தைப் பாதை வழியாக அளந்து அடுத்த புள்ளியை எடுப்பது. அதற்குப் பிறகு வேகமும் தூரமும் ஒத்துப்போயின.

இதுவரை செய்தது ஒத்திகைக்கு ஒத்திகை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை வலை முகவரி அனுப்புவதில்லை. ஜிடி06 அல்லது அதன் உறவுக்கார மொழிகளில் பைட்டுகளாகப் பேசுகின்றன. போர்ட் 5023. அண்ணனுக்கு வாங்கப் போவதும் அந்த வகைதான் என்பதால் அதையே எழுத வேண்டியிருந்தது.

கருவி ஒரு தடவை அனுப்பும் பைட்டுத் தொகுப்புதான் பாக்கெட். அதன் அமைப்பு இப்படி; பைட் மதிப்புகள் பதினாறு அடிப்படையில் (ஹெக்ஸ்) எழுதியவை. தொடக்கம் 78 78. அடுத்து நீளம், பிறகு வகை எண்: 01 என்றால் உள்நுழைவு, 12 என்றால் இடம், 13 என்றால் 'உயிரோடிருக்கிறேன்' என்ற துடிப்பு. அதன்பின் விஷயம், வரிசை எண், இரண்டு பைட் சரிபார்ப்பு எண், முடிவுக்கு 0டி 0ஏ. உள்நுழைவில் கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் 8 பைட்டில் போக வேண்டும். 8 பைட்டில் 16 இலக்கம் அடங்கும், ஒன்று கூடுதல். அந்தச் சுழியம் முன்னால் வர வேண்டும். நான் முதலில் பின்னால் ஒட்டினேன். சர்வரின் லாகில், அதாவது நடப்பதை எல்லாம் அது எழுதி வைக்கும் பதிவில், 'தெரியாத கருவி' என்று ஓர் எண் வந்தது. முதல் இலக்கம் காணோம், கடைசியில் ஒரு சுழியம். லாகைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்த மாதிரிச் சிக்கல் ஐந்து நிமிட வேலை. திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் ராத்திரி போய்விடும்.

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் 18,00,000-ஆல் பெருக்கி நான்கு பைட்டில் வைக்க வேண்டும். டவுனின் 29.86 என்பது 5,37,48,000 ஆகும்; 31.02 என்பது 5,58,36,000. ஒரு அலகு தரையில் 6 செ.மீ. சொச்சம், தேவைக்கு மேலான நுணுக்கம். கழித்தல் குறிக்கு மட்டும் இதில் இடமே இல்லை. தெற்கா வடக்கா என்பது அடுத்து வரும் திசை பைட்டுக்குள் ஒரே ஒரு பிட்டாக ஒளிந்திருக்கிறது.

கருவியின் ஆவணத்தில் உள்ள உதாரணப் பாக்கெட் தென்சீனாவில் எடுத்தது. 23 டிகிரி வடக்கு, 114 டிகிரி கிழக்கு. திசையும் நிலையும் சொல்லும் இரண்டு பைட்டில் முதலாவது 14. அதை அப்படியே வைத்துக்கொண்டு என் எண்களை மட்டும் நிரப்பி ஓட்டினேன். மேப்பில் பஸ் இல்லை. பெரிதாக்கிச் சிறிதாக்கித் தேடினால் எகிப்தில் ஓடிக்கொண்டிருக்கிறது! கெய்ரோவுக்குப் பக்கத்தில், கிசா பிரமிடுகளுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில், சாலையே இல்லாத இடத்தில் ஹிக்கின்சன் ஹைவேயின் வளைவுகளைத் தலைகீழாக வரைந்தபடி. டர்பனைப் பூமத்திய ரேகையின் குறுக்கே மடித்தால் விழும் இடம் சரியாக அதுதான்.

14 என்ற பைட்டைப் பிட்டுகளாகப் பிரித்தால் 0001 0100. இடமிருந்து நான்காவது 1, 'ஜிபிஎஸ் பிடித்திருக்கிறது' என்று பொருள். ஐந்தாவது 0, கிழக்கு. ஆறாவது 1, வடக்கு. அந்த ஆறாவதைச் சுழியமாக்கினால் 0001 0000, அதாவது 10. கடைசி இரண்டு பிட் திசையின் மேல் பகுதி. 256 டிகிரிக்கு மேல் திரும்பினால் 10 என்பது 11 ஆகும். இந்த ஒரு பிட்டுக்காக பஸ் 6,600 கி.மீ. தள்ளிப் போயிருந்தது. அண்ணனிடம் திரையைக் காட்டினேன். "டீசல் யாரு போட்டது?" என்றார்.

தப்பு என் நிரலில்தான். ஆனாலும் அந்த 'எகிப்து பஸ்'ஸை அழிக்காமல் ஒரு சோதனையாகவே வைத்துக்கொண்டேன். தெற்குப் பிட் தவறிய ஒரு பாக்கெட் நடுவில் வந்தால் நாள் தூரத்தில் போக வர 13,000 கி.மீ. ஏறுகிறதா என்று பார்க்க. ஏறுகிறது. அதேபோல 0, 0 என்ற புள்ளியும். ஜிபிஎஸ் பிடிக்காத நேரத்தில் சில கருவிகள் சுழியம் சுழியம் என்று அனுப்பிவிடும். அது கினி வளைகுடாவில், நடுக்கடல். டர்பனிலிருந்து போக வர சுமார் 9,300 கி.மீ. சுழியப் புள்ளியைத் தள்ளிவிட ட்ராக்காரில் வடிகட்டி உண்டு, அமைப்புக் கோப்பில் ஒரு வரி. செல்லாத புள்ளிகளுக்கும், ஒரேயடியாக எகிறும் தூரத்துக்கும் தனித்தனியாக உண்டு. மூன்றையும் போட்ட பிறகு அறிக்கை ஒழுங்குக்கு வந்தது.

அதிக நேரத்தைத் தின்றது கடிகாரம்தான். ஜிடி06 பாக்கெட்டில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என ஆறு பைட். அது உலகப் பொது நேரமாக இருக்க வேண்டும். என் நிரல் லேப்டாப்பின் நேரத்தை எடுத்துப் போட்டது. தென்னாப்பிரிக்கா பொது நேரத்துக்கு 2 மணி முன்னால், கோடையிலும் மாறாது. பஸ் இரண்டு மணி நேரம் எதிர்காலத்தில் ஓடியது. அதைக் கண்டுபிடித்துப் பொது நேரத்துக்கு மாற்றினேன், மேப் அப்படியே உறைந்துவிட்டது. பாக்கெட் வருகிறது, லாகில் விழுகிறது, தரவுத்தளத்திலும் ஏறுகிறது. பஸ் மட்டும் அசையவில்லை. சர்வரை நிறுத்தித் தொடங்கினேன், கருவியை அழித்துத் திரும்பச் சேர்த்தேன், சரிபார்ப்பு எண்ணைச் சந்தேகப்பட்டுத் திரும்ப எழுதினேன். எதுவும் பயனில்லை. பிறகுதான் பிடிபட்டது: ட்ராக்கார் எது புதிய இடம் என்பதைப் பாக்கெட் வந்த வரிசையை வைத்து முடிவு செய்வதில்லை, அதற்குள் இருக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்கிறது. எதிர்கால நேரத்தில் ஒரு புள்ளி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதைவிடப் பழைய நேரத்தோடு வருவதெல்லாம் அதற்குப் பழங்கதை. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் தானே நகர்ந்திருக்கும். அந்த எதிர்காலப் புள்ளிகளை அழித்துவிட்டு மேலே போனேன்.

இது போலிக் கருவிக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. சீன நேரத்தில், பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் வைத்து விற்கப்படும் கருவிகள் உண்டு. அவற்றுக்குக் கருவிவாரியாக நேர மண்டலம் சொல்ல ட்ராக்காரில் வசதி இருக்கிறது. எதிர்காலப் புள்ளியைத் தள்ளும் வடிகட்டியும் உண்டு, அதை இறுக்கி 10 நிமிடமாக வைத்தேன். இன்னொரு பக்கம் ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு. பழைய முறையில் வார எண் 10 பிட்தான், 1,024 வாரம் ஆனதும் சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. அதைக் கையாளத் தெரியாத பழைய கருவிகள் தேதியை 19.6 ஆண்டு பின்னால் சொல்லும். ஒரு போலிக் கருவியை அப்படியும் பேச வைத்தேன். சர்வர் ஏற்றுக்கொண்டது, மேப்பில் பஸ் அசையவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. அபாயமான வகை இதுதான். 'நேரம் ஒரு நாளுக்கு மேல் பழையது' என்று அலறும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைத் தனியாக எழுதி வைத்தேன்.

இந்தக் கட்டத்தில் எல்லாம் சரி என்று தோன்றியது. முப்பது போலி பஸ்ஸும் கோடு போட்ட மாதிரி ஓடின. அதுவே சந்தேகம் தந்தது. நிஜ பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஜிபிஎஸ் நிற்பதில்லை, பத்துப் பதினைந்து மீட்டர் அலையும். அதை எப்படிப் போலி செய்வது? முதலில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் சீரற்ற பிழை சேர்த்தேன். பஸ் தவளை மாதிரித் துள்ளியது. நிஜத்தில் பிழை துள்ளாது, மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே முந்தைய பிழையில் 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு அதோடு 1.5 மீட்டர் அளவில் புதிய பிழை சேர்க்கிற மாதிரி மாற்றினேன். மொத்தத்தில் 5 மீட்டர் அளவில் அலைகிறது, பார்க்க நிஜம் போலவே இருக்கிறது.

உடனே பயண அறிக்கை உடைந்தது. ட்ராக்காரின் முன்னிருப்பு, அதாவது நாம் மாற்றாதவரை இருக்கும் அமைப்பு, மிகச் சின்ன வேகத்தையும் ஓட்டம் என்றே கணக்கில் எடுக்கும். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் வேகத்தையும் மணிக்கு 1, 2 கி.மீ. என்று அசைய விட்டதும், வார்விக்கில் அரை மணி நின்றது நிற்பதாகவே தெரியவில்லை. காலை, மாலை எல்லாம் ஒரே நீண்ட பயணம். வேக வரம்பை மணிக்கு 5 கி.மீ. அளவுக்கு உயர்த்தினேன். நிறுத்தம் என்று எண்ண 300 விநாடி என்ற முன்னிருப்பைத் தொடவில்லை. சிக்னலில் நிற்பது அதற்குள் முடிந்துவிடும், ஸ்டாண்டில் நிற்பது அதைத் தாண்டும்.

அடுத்தது மின்வெட்டு. 2022, 2023-இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது டவர் பேட்டரி தீர்ந்து சிக்னல் போன அனுபவம் இங்கே எல்லாருக்கும் உண்டு. கருவி அந்த நேரத்துப் புள்ளிகளைத் தனக்குள் சேமித்து, சிக்னல் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால், ஒரு மணி நேரம் மௌனம், பிறகு 360 புள்ளி ஒரே மூச்சில். சிலது பழையதிலிருந்து, சிலது புதியதிலிருந்து. புதியதிலிருந்து வந்தபோது மேப் பரவாயில்லை, ஆனால் மொத்த தூரம் கூடுதலாக ஏறியது. வேக அலர்ட்டும், ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்ததை இப்போது நடப்பது போலச் சொன்னால் டிரைவருக்கும் ஆபீஸுக்கும் சண்டை. 15 நிமிடத்துக்கு மேல் பழைய நிகழ்வுக்கு அறிவிப்பு வேண்டாம் என்று வரம்பு வைத்தேன்.

பாக்கெட்டை உடைத்து அனுப்பிப் பார்ப்பதையும் விடக் கூடாது. மொபைல் நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் இரண்டாக வரும், இரண்டு ஒன்றாக ஒட்டியும் வரும். 36 பைட் இடப் பாக்கெட்டில் 20-ஐ அனுப்பி, இரண்டு விநாடி கழித்து மீதி 16. சர்வர் அசரவில்லை. உள்நுழைவுக்குச் சர்வர் பதில் தரும் வரை இடம் அனுப்பக் கூடாது என்பதையும் நிரலில் கட்டாயமாக்கினேன். நிஜக் கருவி அப்படித்தான், பதில் வராவிட்டால் உள்நுழைவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

பாரச் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பது வண்டிக்கு அது தேவையே இல்லை, ஆசைக்குச் செய்தது. 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு வண்டிக்கு நாளுக்கு 8,640. முப்பதுக்கு 2,59,200 வரிசை. போலிக் கருவிகளை ஏற்றிக்கொண்டே போனபோது ஆயிரத்தைத் தாண்டியதும் புதிய இணைப்பு எடுக்கவில்லை. சர்வரைத் திட்டுவதற்கு முன் என் பக்கம் பார்த்தால், லினக்ஸில் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்பு எண்ணிக்கைக்கு முன்னிருப்பு 1,024. அதை உயர்த்தியதும் போயிற்று. தரவுத்தளத்தை மட்டும் கூடவே வரும் எச்2-விலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினேன். நிஜ ஓட்டத்துக்கு எச்2 வேண்டாம் என்று ட்ராக்கார்காரர்களே சொல்கிறார்கள்.

கோயில் வட்டத்தில் ஒரு வேடிக்கை. இசிப்பிங்கோ ரயில் கோயிலைச் சுற்றி 300 மீட்டர் எல்லை போட்டு, பஸ் உள்ளே வந்தால் அலர்ட் என்று வைத்தேன். எத்தனை போலி பஸ் போனாலும் அலர்ட் இல்லை. எல்லையைத் திரையில் வரையாமல் ஸ்கிரிப்ட் வழியாக ஏற்றியிருந்தேன். பல மென்பொருள்கள் தீர்க்கத்தை முதலில் எழுதும், ட்ராக்கார் அட்சத்தை முதலில் எதிர்பார்க்கும். மாற்றிப் போனதால் வட்டம் அட்லாண்டிக் கடலில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே விழுந்திருந்தது. சென்னையில் 13-உம் 80-உம் இடம் மாறினால் கண்ணுக்கே தெரியும். இங்கே 29.99-உம் 30.92-உம். இரண்டும் முப்பதை ஒட்டியவை, எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே தோன்றும். டர்பனில் இந்த வேலை செய்கிறவர்கள் எண்ணைப் பார்க்காதீர்கள், கழித்தல் குறி எதன் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நிஜக் கருவி இரண்டு வாங்கினோம், ஒன்று 480 ராண்ட். பெரிய பஸ் 24 வோல்ட், மினிபஸ் 12. இரண்டையும் தாங்கும் வகை. ஃப்யூஸ் போட்ட ஒயரும் சிம்மும் சேர்த்து வண்டிக்கு இன்னொரு 150. சர்வர் வாடகை மாதம் 220 ராண்ட். தரவுச் செலவு பயந்த அளவு இல்லை: பாக்கெட் 36 பைட், இணைய உறையும் பதிலும் சேர்த்து 116 என்று வைத்தாலும் நாளுக்கு 1 எம்பி, மாதம் 30 எம்பி.

நிஜக் கருவிகள் ஓடத் தொடங்கியதும் லாகில் விழுந்ததைப் பார்த்தால், நான் யோசிக்காத ஒன்று அதில் இருந்தது. பஸ்ஸை ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் மின்னழுத்தம் இறங்கி, கருவி தன்னை அணைத்து எழுப்பிக்கொள்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் புதிய உள்நுழைவு, வரிசை எண் மறுபடி ஒன்றிலிருந்து, முதல் அரை நிமிடம் ஜிபிஎஸ் இல்லாத புள்ளிகள். என் போலி பஸ்கள் ஒன்றுகூட இப்படி நடந்துகொள்ளவில்லை.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். கருவி ஒன்றை முதலிலேயே வாங்கி ஒரு வாரம் ஓட விட்டு, சர்வர் லாகில் விழும் பைட்டுகளை அப்படியே எடுத்துத் திருப்பி அனுப்புவது. இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஐஎம்இஐயையும் நேரத்தையும் மாற்றி, சரிபார்ப்பு எண்ணை நீள பைட்டிலிருந்து வரிசை எண் வரை திரும்பக் கணக்கிட்டு, ஒரு பஸ்ஸின் ஒரு வாரத்தை முப்பது பஸ்ஸாக ஓட்டுகிறது. நான் கையால் சேர்த்த அழுக்கு, அதாவது எகிப்து, கினி, 19.6 ஆண்டு, ஒரு மணி மௌனம், இதற்கு மேலே தூவப்படுகிறது. மீதி 28 கருவிக்கு அண்ணன் பணம் கட்டிவிட்டார். ஒரு பஸ்ஸில் கருவியின் பவர் ஒயரை இக்னிஷன் பக்கத்திலிருந்து கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் நேரத்து மறுபிறவி அதில் நின்றால் மற்ற வண்டிகளுக்கும் அதே முறை.